பேர் எழுதாத கட்டி

மருத்துவப் புத்தகங்களில் 'அரிது' என்று ஒரு வார்த்தை உண்டு. அரிய நோய், அரிய கட்டி, அரிதாகக் காணப்படுவது. நான் லேப்பில் வேலை பார்க்கிறவள். இருபத்தைந்து வருசத்துக்கு மேலாக ரத்தத்தையும் சளியையும் சதையையும் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு நோய் அரிதாக இருப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு என்பது அதில் நான் தெரிந்துகொண்டது. ஒன்று, அந்த நோய் நிஜமாகவே கொஞ்சம் பேருக்குத்தான் வருகிறது. மற்றது, வந்தவர்களை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. புத்தகம் எழுதுகிறவர்கள் இரண்டுக்கும் ஒரே வார்த்தையைத்தான் போடுகிறார்கள். முதலாவது உடம்பைச் சேர்ந்த விசயம். இரண்டாவது சாதியையும் காசையும் பொம்பளையாய்ப் பிறந்ததையும் சேர்ந்த விசயம்.

இங்கே நான் எழுத வந்தது எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பில் வைரசால் வரும் கட்டிகளைப் பற்றி. புற்றுநோய் என்றால் புகையிலை, வெற்றிலை, பரம்பரை என்றுதான் நம்ம சனங்களுக்குத் தெரியும். வைரசாலும் புற்றுநோய் வரும். 1964இல் எப்ஸ்டீன், ஆச்சாங், பார் என்ற மூன்று பேர் ஆப்பிரிக்கக் குழந்தைகளின் தாடையில் வரும் பர்கிட் கட்டியிலிருந்து வளர்த்த செல்களில் ஒரு வைரசைப் பார்த்தார்கள். அந்த எப்ஸ்டீன்-பார் வைரஸ் உலகத்தில் வளர்ந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் உடம்பில் இருக்கிறது. உங்களுக்கும் இருக்கும், எனக்கும் இருக்கும். அது நம்மை ஒன்றும் செய்யாமல் கிடப்பதற்குக் காரணம் நம் ரத்தத்தில் இருக்கும் காவல் செல்கள். காவல் விழுந்த உடம்பில் அதே வைரஸ் மூளையில் நிணநீர்க் கட்டியாக வரும். எச்.ஐ.வி. உள்ள குழந்தைகளுக்குத் தசையில் அபூர்வமான கட்டி வருகிறது என்றும், அதற்குள்ளே இதே வைரஸ் இருக்கிறது என்றும் 1995இல் எழுதினார்கள்.

இவற்றில் பேர் பெற்றது கபோசி சார்கோமா. வியன்னாவில் மோரிட்ஸ் கபோசி என்ற தோல் டாக்டர் 1872இல் எழுதி வைத்தது. தோலில் செவப்பும் ஊதாவுமாகத் திட்டுத் திட்டாக வரும். ரொம்ப காலம் வயசாளிகளுக்கு வரும் அபூர்வ வியாதி என்றே இருந்தது. 1981 சூலையில் நியூயார்க்கிலும் கலிபோர்னியாவிலும் 26 ஓரினச் சேர்க்கை ஆண்களுக்கு அது வந்திருப்பதாக அமெரிக்க அரசின் வார அறிக்கையில் வந்தது. எய்ட்ஸ் என்று பின்னால் பேர் வைத்த நோயின் முதல் செய்திகளில் ஒன்று அது. 1994இல் யுவான் சாங், பேட்ரிக் மூர் என்ற தம்பதியர் அந்தக் கட்டிக்குள் எட்டாவது ஹெர்பிஸ் வைரசைக் கண்டுபிடித்தார்கள்.

இந்தக் கபோசி நம் நாட்டில் எச்.ஐ.வி. உள்ளவர்களிடமும் அரிதுதான். அந்த எட்டாவது வைரஸ் ஆப்பிரிக்காவில் பரவிக் கிடக்கிற மாதிரி இந்தியாவில் இல்லை. இது முதல் வகை அரிது, நிஜமான அரிது. இதில் எனக்கு வழக்கு ஒன்றுமில்லை.

என் வழக்கு அடுத்த கட்டியைப் பற்றியது. கர்ப்பப்பை வாயில் வரும் புற்றுநோயும் ஒரு வைரசின் வேலைதான். எச்.பி.வி. என்று பேர். ஜெர்மனியில் ஹரால்ட் சூர் ஹாசன் 1983இல் அதன் 16ஆம் வகையை அந்தக் கட்டிக்குள் கண்டுபிடித்தார், அடுத்த வருசம் 18ஆம் வகையை. இந்த இரண்டு வகையும் சேர்ந்து நூற்றுக்கு எழுபது கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் காரணம். உடலுறவு கொண்ட ஆண் பெண் அநேகருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்த வைரஸ் தொற்றும். முக்கால்வாசிப் பேருக்கு இரண்டு வருசத்துக்குள் உடம்பே அதைத் துரத்திவிடும். துரத்த முடியாத உடம்பில் அது தங்கி, தன்னுடைய இரண்டு புரதங்களைக் கொண்டு, செல் கட்டுமீறிப் பெருகாமல் பார்த்துக்கொள்கிற நம் காவல் புரதங்களை முடக்கிப்போடும். அப்புறம் கட்டிதான். எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்கு இந்தப் புற்று வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஆறு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இப்போது ஒரு கணக்கைப் பாருங்கள். எய்ட்ஸ் நோயின் அடையாளங்கள் எவை என்று அமெரிக்கா எழுதிய பட்டியலில் கபோசி ஆரம்பத்திலிருந்தே இருந்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்று 1993 சனவரி 1ஆம் தேதிதான் சேர்ந்தது. அதுவும் தானாகச் சேரவில்லை. பெண்கள் தெருவில் நின்று சத்தம் போட்டுச் சேர்த்தது. அதுவரைக்கும் இந்தக் கட்டியால் செத்த எச்.ஐ.வி. பெண்ணுக்கு எய்ட்ஸ் நோயாளி என்ற கணக்கும் இல்லை, அதற்கான உதவித்தொகையும் இல்லை. பட்டியலை முதலில் எழுதியபோது அவர்கள் கண் முன்னால் இருந்தது ஆண் உடம்பு. பொம்பளை உடம்பில் வந்தது எழுத்துக்கு வரவில்லை. எழுத்துக்கு வராதது அரிதாகிப்போனது.

நம் நாட்டில் எச்.ஐ.வி. முதன்முதலில் தெரியவந்ததே பெண் உடம்பில்தான். 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா, காப்பகத்தில் அடைபட்டிருந்த பாலியல் தொழிலாளர்களிடம் ரத்தம் எடுத்தார். வேலூரில் பரிசோதித்துப் பார்த்ததில் ஆறு பேருக்கு இருந்தது. நாடு அதிர்ந்தது. ஆனால் நோயைப் பரப்புகிறவர்கள் என்றுதான் அந்தப் பெண்களைப் பார்த்தது. அவர்கள் உடம்பில் அடுத்து என்ன வரும் என்று கேட்க ஆள் இல்லை.

எங்கள் மாவட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் கன்னியாகுமரி, நூற்றுக்கு 91.75. லண்டன் மிஷன்காரர்கள் 1838லேயே நெய்யூரில் வைத்தியம் தொடங்கிய மண். முக்குக்கு முக்கு ஆஸ்பத்திரி. வடக்கே எழுபது கிலோமீட்டருக்குள் திருவனந்தபுரத்தில் புற்றுநோய்க்கென்றே 1981இல் வந்த ஆர்.சி.சி. இவ்வளவுக்கும் நடுவில்தான் எங்கள் சாம்பவர் காலனியில் எனக்க சின்னம்மை செத்தாள். கட்டி என்னவென்று யாரும் எழுதாமல் செத்தாள்.

சித்தப்பா பம்பாயில் கட்டட வேலைக்குப் போயிருந்தவர். உடம்பு ஒருக்கித் திரும்பி வந்து 1998இல் இறந்தார். மறு வருசம் சின்னம்மைக்கும் எச்.ஐ.வி. என்று தெரிந்தது. அதற்கப்புறமும் அவள் வயலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். 2001 கும்பப்பூ அறுப்பு நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"மக்ளே, மூணு மாசமா தூமை நிக்கல்ல. வயலுல நிக்கும்பம் காலு வழியா ஒழுகுது. நாத்தம் வேற. ஆருட்டயும் சொல்லிராத."

நான் அப்போது லேப் படிப்பு முடித்து ஒரு தனியார் லேப்பில் சேர்ந்த புதுசு. நாற்பத்தொரு வயசுக்காரிக்கு மூன்று மாசம் ரத்தம் நிற்கவில்லை என்றால் என்ன பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். கூட்டிக்கொண்டு போனேன். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை. ஒரு ஆஸ்பத்திரியோடு நிற்கிற விசயம் அல்ல இது. சீட்டைப் பார்த்தவுடன் அதன் மேல் செவப்பு மையில் ஒரு வட்டம் போட்டார்கள். படுக்கையை ஓரத்துக்கு நகர்த்தினார்கள். மூன்று நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கீழே ஒரு தடவை பாருங்கள் என்று மூன்று நாளும் கேட்டேன். கருவி வைத்துப் பார்க்கக் கையுறை போட்டுக்கொண்டு வர ஒருவருமில்லை.

"இது எய்ட்ஸ் கேஸும்மா. இதுல போயி இன்னும் என்னத்தக் கண்டுபிடிக்க?" என்றார் டாக்டர்.

இந்தக் கேள்வியைத்தான் நான் இத்தனை வருசமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். எய்ட்ஸ் என்று எழுதியாகிவிட்டது என்றால் அந்த உடம்பில் வேறு எதையும் தேட வேண்டாம் என்று அர்த்தமாகிறது. நமக்கு இது புதுசில்லை. சாதி பேரைச் சொன்னவுடன் அந்த ஆளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேறு ஒன்றுமில்லை என்று முடிவு கட்டுகிற புத்திதான் இது. ஒரு பேரைப் போட்டு மற்றதை எல்லாம் மூடிவிடுவது.

சாதி இந்துக்களை மட்டும் சொல்லிவிட்டுப் போகவும் எனக்கு மனசில்லை. டீக்கடையில் தனிக் குவளைக்கு எதிராகப் பேசின எங்கள் காலனியில் சின்னம்மைக்குத் தனி டம்ளர் வந்தது. அவளுக்க துணியைப் பொதுக் குழாயடியில் அலக்க விடவில்லை. "புருசன் கொண்டு வந்தது, நான் என்ன செய்ய?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அதற்குப் பதில் சொன்னவர் யாருமில்லை. தீண்டாமையைப் பட்டவர்களுக்குத் தீண்டாமை செய்யத் தெரியாது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நன்றாகவே தெரியும்.

கடைசியில் வேறொரு இடத்திலிருந்து ஒரு டாக்டரம்மா வந்து பார்த்தார். விளக்கைப் பிடிக்கச் சொல்லி என்னையே பக்கத்தில் நிறுத்தினார். கர்ப்பப்பை வாயே தெரியவில்லை. பூக்கோசு மாதிரி சதை அடைத்துக்கொண்டிருந்தது, தொட்டால் ரத்தம். அவர் சத்தம் காட்டாமல் கையைக் கழுவிவிட்டுச் சீட்டில் எழுதினார்: சதைப் பரிசோதனை செய்ய வேண்டும், ஆர்.சி.சி.க்கு அனுப்ப வேண்டும். பஸ்ஸில் உட்காரும் நிலையில் சின்னம்மை இல்லை. காருக்குக் காசு திரட்டுவதற்குள் பதினோராம் நாள் போய்விட்டாள்.

சாவுச் சீட்டில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. அதில் இதயமும் மூச்சும் நின்றதால் என்று எழுதியிருந்தது. இதயம் நின்றால் சாவுதான். எதனால் நின்றது என்றுதானே அந்தக் கட்டம் கேட்கிறது.

வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒரு சின்ன விசயத்தைச் சொல்கிறேன். கட்டிக்குப் பேர் வைக்க வேண்டும் என்றால் ஒரு பயறு அளவு சதை வெட்டி எடுக்க வேண்டும். பார்மலின் ஊற்றிய பாட்டிலில் போட்டு, மேலே பேரும் வயசும் எழுதி அனுப்ப வேண்டும். அதை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி ஒரு டாக்டர் கண்ணால் பார்த்து எழுத வேண்டும். பெரும்பாலும் அந்த ஒரு காகிதம்தான் புற்றுநோய்ப் பதிவேட்டுக்குப் போகும், கணக்கில் ஏறும். பாட்டிலில் சதை விழவில்லை என்றால் அந்தக் கட்டி உலகத்தில் இல்லவே இல்லை. சின்னம்மை செத்தது எச்.ஐ.வி. கணக்கிலும் இல்லை, புற்றுநோய்க் கணக்கிலும் இல்லை. இப்படிப் போனவர்கள் எத்தனை பேர் என்று யாராலும் சொல்ல முடியாது. பதிவேட்டு அறிக்கைகளில் வயசு உண்டு, ஆண் பெண் உண்டு, உறுப்பு உண்டு. சாதி வாரியாக ஒரு அட்டவணையை நான் பார்த்ததில்லை.

எய்ட்ஸ் என்றால் ஒழுக்கக்கேட்டின் கூலி என்று பேசுகிறவர்களுக்கு ஒரு தகவல். கிட்னி மாற்று ஆபரேசன் செய்துகொண்டவர்களுக்கும் இதே கட்டிகள் வருகின்றன. மாற்றி வைத்த உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரையை அவர்கள் வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும். காவல் குறைந்தவுடன் அதே கபோசி, அதே எப்ஸ்டீன்-பார் கட்டி, அதே எச்.பி.வி. புற்று. அவர்களை எங்கே போய் வாங்கி வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. கேட்கவும் கூடாது. கட்டியைப் பார்த்தவுடன் சதை எடுக்கிறார்கள், மாத்திரையைக் குறைக்கிறார்கள், வைத்தியம் பார்க்கிறார்கள். வைரசுக்கு இரண்டு உடம்பும் ஒன்றுதான். பார்க்கிறவர்களுக்குத்தான் வேறு வேறு.

2008இல் மருத்துவ நோபல் பரிசை இரண்டாகப் பிரித்து, எச்.பி.வி.யைப் புற்றோடு சேர்த்து நிரூபித்த சூர் ஹாசனுக்கு ஒரு பாதியும், எச்.ஐ.வி.யைக் கண்டுபிடித்த பிரெஞ்சுக்காரர்கள் இரண்டு பேருக்கு மறு பாதியும் கொடுத்தார்கள். பேப்பரில் அதைப் படித்தபோது எனக்குச் சின்னம்மை ஞாபகம்தான் வந்தது. அந்த இரண்டு வைரசையும் ஒரே உடம்பில் சுமந்துகொண்டு அறுப்பு அறுத்தவள் அவள்.

நம் உடம்பை யாருமே எண்ணுவதில்லை என்றும் சொல்ல முடியாது. அவர்களுக்குத் தேவைப்படும்போது எண்ணுகிறார்கள். அமெரிக்காவில் ஹென்ரியட்டா லேக்ஸ் என்ற கருப்பினப் பெண் 1951இல் இதே கர்ப்பப்பை வாய்ப் புற்றால் 31 வயதில் இறந்தாள். அவளைக் கேட்காமல் எடுத்த கட்டியின் செல்கள் இன்றைக்கும் உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் வளர்கின்றன. எச்.பி.வி. 18ஆம் வகை அந்தச் செல்களுக்குள் இருப்பதைப் பின்னால் கண்டார்கள். ரொம்ப காலம் அவள் குடும்பத்துக்கு இது எதுவும் தெரியாது.

நம் பக்கத்துக்கு வருவோம். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. கர்ப்பப்பை வாயில் வினிகர் மாதிரியான அமிலத்தைத் தடவி, வெள்ளையாக மாறுகிறதா என்று நர்சே பார்க்கும் எளிய சோதனை. 49,311 பெண்கள் உள்ள ஊர்களுக்கு இந்தச் சோதனை போனது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக 30,958 பெண்கள் உள்ள ஊர்களுக்குப் போகவில்லை. 2007இல் முடிவு வந்தது: சோதனை போன ஊர்களில் புற்று 25 சதவீதம் குறைவு, சாவு 35 சதவீதம் குறைவு. ஒரு நர்சும் கொஞ்சம் அமிலமும் இருந்தால் உயிரைக் காப்பாற்றலாம் என்று உலகத்துக்குக் காட்டிய ஆய்வு அது. அதன் பயன் பெரியது. ஆனாலும் சோதனை போகாத ஊர்களின் பெண்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வியும் நியாயமானது.

2009இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் ஆதிவாசிச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட்டுப் பார்த்தார்கள். பெற்றோரின் சம்மதம் வாங்க வேண்டிய இடத்தில் விடுதி வார்டன்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். சில பிள்ளைகள் இறந்தார்கள். தடுப்பூசியால் அல்ல என்றுதான் விசாரணை சொன்னது. 2010 ஏப்ரலில் திட்டம் நின்றது. சம்மதம் வாங்கிய விதத்தை 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசி நல்லது. அது கெட்டது என்று நம் ஆட்கள் யாரும் பிரச்சாரம் செய்ய வேண்டாம். அந்தப் பிள்ளைகளின் அப்பன் அம்மையிடம் கேட்கத் தேவையில்லை என்று நினைத்ததுதான் குற்றம்.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது, இல்லை என்று சொன்னால் பொய். 2004 ஏப்ரல் 1ஆம் தேதி தாம்பரம் உட்பட சில ஆஸ்பத்திரிகளில் எச்.ஐ.வி. கூட்டு மருந்தை அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. ஆசாரிப்பள்ளத்தில் மருத்துவக் கல்லூரி வந்தது 2001இல், சின்னம்மை போன வருசம். எச்.ஐ.வி. என்பதற்காக வைத்தியம் மறுப்பதற்குச் சட்டப்படி தடை உண்டு, 2018 செப்டம்பரிலிருந்து. நம் நாட்டிலேயே செய்த எச்.பி.வி. தடுப்பூசி 2022இல் வந்தது. 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு அதை இலவசமாகப் போடுவதாகத் தமிழக அரசு 2025 மார்ச் பட்ஜெட்டில் அறிவித்தது.

மருந்து வந்ததால் எச்.ஐ.வி. உள்ள நம் பெண்கள் செத்துப்போகாமல் வாழ்கிறார்கள். கபோசி மாதிரிக் கட்டிகள் மருந்துக்குப் பின்னால் பெருமளவு குறையும். கர்ப்பப்பை வாய்ப் புற்று அந்த அளவுக்குக் குறையாது, ஏனென்றால் எச்.பி.வி. முன்னாலேயே உள்ளே போய் உட்கார்ந்திருக்கும். ஆகவே தேடிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எச்.ஐ.வி. உள்ள பெண்ணுக்கு 25 வயசிலிருந்தே சோதனை தொடங்க வேண்டும், மூன்றிலிருந்து ஐந்து வருசத்துக்கு ஒரு தடவை திரும்பப் பார்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது. பொதுவான முகாம்களில் 30 வயசில்தான் தொடங்குகிறோம். இருபதில் கல்யாணமாகி, புருசனிடமிருந்து கிருமி வாங்கிய பெண்ணுக்கு அந்த ஐந்து வருசம் பெரிய வருசம்.

ஆகவே தோழர்களே, நம் கூட்டங்களில் நிலத்தைப் பற்றிப் பேசுகிறோம், சுடுகாட்டுப் பாதையைப் பற்றிப் பேசுகிறோம். ஆஸ்பத்திரிப் படுக்கையைப் பற்றியும் பேச வேண்டும். நம் ஆள் ஒருவர் உடம்பில் கட்டியோடு படுத்திருந்தால் கூட நிற்பவர்கள் மூன்று கேள்வி கேட்கலாம். சதை எடுத்தீர்களா? எந்த லேப்புக்கு அனுப்பினீர்கள்? ரிப்போர்ட் எங்கே? இந்த மூன்றையும் கேட்பதற்கு டாக்டர் படிப்பு வேண்டாம். பதில் வரும்வரை நகராமல் நின்றால் போதும். செத்துப்போனால் சாவுச் சீட்டின் அந்தக் கட்டத்தையும் படித்துப் பாருங்கள். இதயம் நின்றது என்று மட்டும் எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்து, எதனால் என்று எழுதச் சொல்லுங்கள். சுடுகாட்டுக்குப் போகும் அவசரத்தில் அதை மடித்துப் பையில் வைக்க வேண்டாம்.